பச்சை வந்த பிறகும் அரைமணி நேரம்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் ‘நெட் அண்ணா’ என்று இருக்கிறார். மூன்று வருடம் இன்டர்நெட் பழுது பார்க்க வீட்டுக்கு வந்துபோன மனிதரின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை என்றால், என் லட்சணம் அவ்வளவுதான். அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் ‘அக்கா’ என்பார். நான் ‘அண்ணா’ என்பேன். இப்படி மாற்றி மாற்றி மரியாதை கொடுத்துக்கொண்டு, யார் பெரியவர் என்ற கேள்வியை இரண்டு பேரும் தொடாமலே விட்டுவிட்டோம். எங்கள் பகுதி கேபிள் ஓனர் தன் இன்டர்நெட் இணைப்புகளையெல்லாம் ஒரு பெரிய கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டார். நெட் அண்ணாவைப்போல அவரிடம் வேலை பார்த்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இப்போது நெட் அண்ணாவின் எண்ணைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு பெண் குரல்.

அவரிடம் ஒரு பழக்கம். எந்தப் பழுதாக இருந்தாலும் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். ரூட்டர் பெட்டியில் மூன்றாவது லைட் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்துவிடும். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இவர் கிளம்பமாட்டார். எங்கள் வீட்டுச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை ரூட்டருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். முழுசாக அரைமணி நேரம். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அந்த மூன்றாவது லைட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் இரண்டு தடவை காபிக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். “வேணாங்கா, தண்ணி குடு போதும்” என்றார். சரி, வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். மழைக்காலத்திலும் உட்கார்ந்தார். மூன்றாம் முறை பொறுக்கமாட்டாமல், “அதான் வந்துடுச்சே அண்ணா?” என்று கேட்டேவிட்டேன்.

“வர்றதுக்கு இன்னாக்கா, எல்லாம் வரும். நா பைக்க எட்த்துகினு கேம்ப் ரோடு தாண்டுன அப்பால பூட்ச்சின்னா? நீ மறுக்கா போன் போடணும், நா மறுக்கா வரணும். உனக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு. சரி பண்ணவொடனே எதையும் நம்பக்கூடாதுக்கா. அரமணி நேரம் தாங்குச்சின்னா அப்பால தாங்கும்.”

ரூட்டர் என்று இல்லை, அவருக்கு எல்லாமே அப்படித்தான். பைக்கை நிறுத்திவிட்டு நாலடி நடந்து, திரும்பி நின்று, ஸ்டாண்டு சரிகிறதா என்று பார்ப்பார். கேட்டைச் சாத்திவிட்டுப் போனவர் திரும்பி வந்து கொக்கியை ஆட்டிப் பார்ப்பார். போனில் பேசி முடித்துவிட்டு, நாம் வைக்கும்வரை அவர் வைக்கமாட்டார். தெருமுனை டீச்சர் வீட்டில் ஒருமுறை, புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டார். லைட் பச்சையாகிவிட்டது, இவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் மனிதர் இருக்கும்போது எப்படிச் சண்டை போடுவது? இரண்டு பேரும் டிவியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்தே இருந்தார்களாம். அவர் போன பிறகு, எதற்காகச் சண்டை என்பதே மறந்துவிட்டது என்று டீச்சரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தக் காலத்தில் தெருவில் அவரைப் பற்றிய பேச்சு இவ்வளவுதான், சிரிக்கிற மாதிரி.

என் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. என் வீட்டுக்காரர் பம்மலில் ஒரு தோல் பை பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தவர். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மாலை வண்டியிலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஹாலில் ஜன்னலோரம் காற்றுப் படுக்கை போட்டு, அதில் படுக்கவைத்திருக்கிறேன். அந்தப் படுக்கைக்கு ஒரு சின்ன பம்பு உண்டு, இருபத்து நாலு மணி நேரமும் ர்ர்ர் என்று ஓடும். அது போக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிவிட வேண்டும். இல்லையென்றால் புண் வந்துவிடும். ஒருமுறை வந்தது, அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

நான் வேலை பார்ப்பது கிண்டியில் ஓர் ஆபீசுக்கு. ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுகிற வேலை. நிலைமையைச் சொல்லி, வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். பாயிலேயே நாள் முழுக்க உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டுவேன், அலாரம் அடித்தால் எழுந்துபோய்ப் புரட்டுவேன், மறுபடி வந்து தட்டுவேன். அதுவே ஓட்டமாக இருந்தது, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபீசில் திடீரென்று புது விதி போட்டார்கள். நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்பதால், பதிவு செய்த ஐபி எண்ணிலிருந்து, அதாவது இன்டர்நெட் இணைப்பின் முகவரி எண்ணிலிருந்து, வந்தால்தான் சர்வர் கதவைத் திறக்குமாம். உங்கள் வீட்டு ஐபியை அனுப்புங்கள் என்றார் டீம் லீடர். நானும் ஏதோ ஒரு வெப்சைட்டைத் திறந்து, அது காட்டிய எண்ணை அப்படியே எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் காற்றடித்துக் கரண்ட் போய்வந்தது, நான் சர்வருக்கு வெளியே நிற்கிறேன். மறுபடி பார்த்தால் வேறு எண். அதை அனுப்பினேன். மறுபடி கரண்ட் போனது. எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் கரண்ட் போவதற்குக் காற்றுகூட வேண்டாம், யாராவது பெருமூச்சு விட்டால் போதும். நான்காம் முறை டீம் லீடர் அலுத்துவிட்டார்.

“மேடம், டெய்லி ஒரு நம்பர் அனுப்புறீங்க. மாறாத நம்பரா, ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்க. மண்டேக்குள்ள முடியலைன்னா ஆபீஸ் வந்துடுங்க, வேற வழி இல்ல.”

தாம்பரம் போய் ரயிலேறிக் கிண்டிக்குப் போய்த் திரும்ப, நாளொன்றுக்குப் பத்துப் பதினொரு மணி நேரம் நான் வீட்டில் இருக்கமாட்டேன். பதினொரு மணி நேரம் என்றால் ஐந்து தடவை புரட்டுவது. யார் புரட்டுவார்கள்? இந்தக் கணக்கை நான் போட்டுக்கொண்டிருப்பதை என் வீட்டுக்காரர் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நெட் அண்ணாவைக் கூப்பிட்டேன். வந்தார். அழுகிற குரலில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பதற்றமே இல்லாமல் விளக்கினார்.

“ஷேர் ஆட்டோல போறல்ல? எறங்கி ஏறுனா அதே சீட்டா கெடைக்கும்? எது காலியா கீதோ அங்க குந்த வேண்டியதான். உன் லைனும் அப்டிதான். கரண்ட்டு பூட்டு வந்தா எறங்கி ஏறுன மாதிரி. எந்த நம்பர் காலியோ அத குட்த்துருவாங்கோ. நீ கேக்குறது உம் பேர் எழ்தி வெச்ச சீட்டு. அத வேற யாருக்கும் குடுக்க மாட்டாங்கோ.”

“அது திங்கட்கிழமைக்குள்ள கிடைக்குமாண்ணா?”

“அப்ளிகேசன் போட்டா ஏழு நாளுன்னுவாங்கோ.” என் முகத்தைப் பார்த்தார். பிறகு படுக்கையைப் பார்த்தார். “ஆதார் ஜெராக்ஸு குடு. நா நேரா போயி குந்திக்கிறேன்.”

சொன்னபடியே குரோம்பேட்டையில் இருந்த எங்கள் கேபிள் ஓனருக்கு லைன் கொடுக்கிற இன்டர்நெட் கம்பெனி ஆபீசுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நாள், வேலைக்கு நடுநடுவே. அதட்டியிருக்கமாட்டார், கெஞ்சியிருக்கவும் மாட்டார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அந்த ஆபீசரையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அது தாங்கக்கூடிய விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை எண்ணோடு வந்துவிட்டார்.

ரூட்டரில் போட்டார், லேப்டாப்பில் போட்டார். பிறகு பையிலிருந்து மார்க்கரை எடுத்து, ரூட்டருக்குப் பக்கத்துச் சுவரில், என்னைக் கேட்காமலே, அந்த எண்ணையும் அதோடு போட வேண்டிய மற்ற எண்களையும் நான்கு வரியாக எழுதினார். குண்டு குண்டான எழுத்து. “பேப்பர்ல எழ்துனா தொலைப்பீங்கோ. செவுரு எங்க போவும்?” என்றார். சரி என்று நான் அடுப்படிக்குத் திரும்பியபோது ஃபேன் நின்றது. கரண்ட் போனால் எண் மாறுகிறதா என்று பார்க்க, வாசல் பக்கம் போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார்.

ர்ர்ர் சத்தமும் நின்றுவிட்டது. ஓடிவந்தேன். படுக்கையிலிருந்து காற்று மெதுவாக இறங்க ஆரம்பித்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே, “ஒண்ணுமில்ல, டெஸ்ட் பண்றாரு” என்றார். நெட் அண்ணா உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பி ஓடிச் சுவிட்சைப் போட்டார். பம்பு ஓட ஆரம்பித்தும் அவர் முகம் சரியாகவில்லை.

“மொதல்லியே சொல்லக்கூடாதாக்கா? நா ஒரு கூமுட்ட. வயர மட்டும் புடுங்கியிருக்கலாம்.”

மீதிச் சோதனையை ரூட்டர் வயரை மட்டும் பிடுங்கிச் செய்தார். மூன்று தடவை பிடுங்கி மாட்டினார், மூன்று தடவையும் சுவரில் இருந்த அதே எண் வந்தது. பிறகு வழக்கம்போல நாற்காலி. அதற்குள் என் அலாரம் அடித்துவிட்டது. நான் படுக்கையருகே போய், வழக்கமான வித்தைகளோடு, ஒரு முட்டியைக் கட்டிலில் ஊன்றி இழுக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து வந்தார். விரிப்பின் அந்தப் பக்கத்து முனைகளைச் சுருட்டிப் பிடித்து, “ஒண்ணு, ரெண்டு” என்றார். என் வீட்டுக்காரர் பூப்போலத் திரும்பிவிட்டார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

“எங்க நைனா ரெண்டு வருசம் இப்டிதான் கெடந்தாரு” என்றார். விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, யாரும் கூப்பிடாமலே, வாசலில் அவர் பைக் சத்தம். “ஆபீசு கதவு தொறக்குதான்னு பாத்துட்டு பூட்றேங்கா.” நான் டீம் லீடருடன் வீடியோவில் இருக்கிறேன். சர்வர் கதவு திறந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். டீம் லீடரோ என் தோளுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உருவத்தைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, “சார் எழுந்து உட்கார ஆரம்பிச்சிட்டாரா மேடம்? வெரி குட்!” என்றார். படுக்கையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. விபத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கமாகிப் போனது. பக்கத்தில் எங்காவது வேலை இருந்தால் ‘லைட்ட பாத்துட்டுப் போறேன்’ என்று வருவார். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்வார். ஒரு கண்ணுக்கு ரூட்டர், ஒரு கண்ணுக்குப் படுக்கை. குடிசையை இடித்துவிட்டு அரசாங்கம் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றுவதற்கு முன்னால் அவர் பம்மல் பக்கம் இருந்தவராம். அவரும் என் வீட்டுக்காரரும் பட்டறைகளைப் பற்றியும், அந்தத் தோல் நாற்றம் சட்டையிலேயே தங்கிவிடுவதைப் பற்றியும் பேசுவார்கள். அலாரம் அடித்தால் அந்தப் பக்கத்து முனையை அவர் பிடிப்பார். வேறு யாரும் எங்கள் வீட்டுக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். வந்தாலும் ஐந்து நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அரைமணி நேரம் உட்காருகிற ஒரே ஆள் இவர்தான்.

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் கறிவேப்பிலை வாங்க வந்தவர், சுவரோரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த நெட்காரன் செருப்பு ரொம்ப நேரம் வாசல்ல கிடக்குதேம்மா. நான் ஒண்ணும் நினைக்கல. பாக்கிறவங்க ஒரு மாதிரி பேசுவாங்கல்ல?”

லைட் பார்க்கிறார் மாமி என்றேன். சொல்லும்போதே, இதை யார் நம்புவார்கள் என்று எனக்கே தோன்றியது. என் இடத்தில் வேறு யாராவது இருந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். எனக்கு அன்று இரண்டு கிளெய்ம் திரும்பி வந்திருந்தது, மருந்து வாங்கப் போக வேண்டும், சாதம் குழைந்துகொண்டிருந்தது. கறிவேப்பிலையைக் கிள்ளிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்த வாரமே தெருவின் வாட்ஸ்அப் குழுவில் நலச்சங்கச் செயலாளர் ஒரு செய்தி போட்டார். ‘பெரும்பாக்கம் போன்ற இடங்களிலிருந்து வரும் சர்வீஸ் ஆட்கள் வேலை முடிந்த பிறகும் வீடுகளுக்குள் உட்கார்ந்திருப்பதாகப் புகார்கள் வருகின்றன. குறிப்பாக ஆண்கள் இல்லாத வீடுகளில். இனி வேலை முடிந்ததும் வெளியேற வேண்டும் என்று கேபிள் ஓனரிடம் சொல்லவிருக்கிறோம். ஆதரவு தெரிவிக்கவும்.’ கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். டீச்சர் கட்டைவிரல் போட்டார். மாமி போட்டார். ஒவ்வொரு வீடாக ஏறிக்கொண்டே வந்தது. நான் மட்டும் போடாமல் இருந்தால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பதில் சொல்ல முடியாத அளவு அலுப்பு. நானும் கட்டைவிரலைப் போட்டேன்.

போட்ட பிறகுதான் என் வீட்டுக்காரரும் அந்தக் குழுவில் இருப்பது நினைவுக்கு வந்தது. தலைமாட்டில் இருந்த போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள் இல்லாத வீடு. அதை அவர் இரண்டு தடவையாவது படித்திருப்பார், விரல் அசையவே இல்லை. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “தண்ணி குடு” என்றார்.

செயலாளர் அந்தச் செய்தியையும், யார் யார் ஆதரித்தார்கள் என்ற பட்டியலையும் படமெடுத்து ஓனருக்கு அனுப்பினார். ஓனர் அதை அப்படியே, என் கட்டைவிரலோடு, தன் ஆட்களுக்கு அனுப்பிவைத்ததாகக் குழுவில் பதில் வந்தது, நன்றியோடு.

அதன் பிறகு லைட் பார்க்க அவர் வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, மூன்றாவது லைட் சிவப்பாகிவிட்டது. வேலை நின்றுபோனதால் நான்தான் கூப்பிட்டேன். வந்தார். முகத்தில் கோபமோ வருத்தமோ ஒன்றும் தெரியவில்லை. “நல்லா கீறியா சார்?” என்று படுக்கைப் பக்கம் கேட்டார். பெட்டியைத் திறந்து, வயரை மாற்றி, சுவரில் தான் எழுதியிருந்ததைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்தார். பச்சை வந்தது. பையை எடுத்தார். சிவப்பு நாற்காலி எதிரிலேயே இருந்தது, அதைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

பைக் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. போன்தான் அடித்தது.

“அக்கா, மூணாவது லைட்டு இன்னா கலர்ல கீது?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம், பைக்கை ஒட்டி, மதியம் இரண்டு மணி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

“பச்சைதாண்ணா. உள்ள வாங்கண்ணா, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?”

“இல்லக்கா. உனக்கு எதுக்கு பேஜாரு. அரமணி நேரம் பாத்துட்டு இப்டியே பூட்றேன்.”

எதிர்வீட்டு பால்கனியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கேட்டைத் திறந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். போகவில்லை. அலாரம் அடித்தது. தனியாகத்தான் புரட்டினேன், ஒரு முட்டியைக் கட்டிலில் ஊன்றி. அந்தத் தடவை ஜன்னல் பக்கமாகத் திருப்ப வேண்டிய முறை. திரும்பியதும் என் வீட்டுக்காரருக்குக் கேட் தெரிந்தது. கையைத் தூக்கினார். வெளியே அவரும் கையைத் தூக்கினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் வந்தது. “பச்சை” என்றேன். “பச்சை” என்றேன். மூன்றாம் முறை சொன்னதும், “அப்ப வரேங்கா” என்றார். நான் வைக்கும்வரை அவர் வைக்கவில்லை.

பைக் சத்தம் தெருமுனை திரும்பும்வரை என் வீட்டுக்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என் பக்கம் திரும்ப முடியாததால், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“அந்தக் கட்டைவிரலை எடுத்துடு.”

போனை எடுத்தேன். ஒன்றரை மாதத்துக் காலை வணக்கங்களையும் பிறந்தநாள் வாழ்த்துகளையும் தண்ணி லாரி வரும் நேரங்களையும் தள்ளித் தள்ளி, அந்தச் செய்தியைக் கண்டுபிடித்து, என் கட்டைவிரலை எடுத்தேன். தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. நெட் அண்ணாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்போது அந்த எண் உபயோகத்தில்தான் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து, மீதி இருந்த கிளெய்ம்களைப் போட உட்கார்ந்தேன்.